ஏடும் நாட்குறிப்பும் மடலும்

நம் பாட்டனார் இளமையில் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவர் வாய்மொழியால் கேட்டு அறிகின்றோம். அவருடைய பாட்டனாரைப் பற்றி நாம் அறிவது யாது? பெரும்பாலும் பெயர் ஒன்றே. பல குடும்பங்களில் அப்பெயரும் மறந்துபோயிற்று. மூன்று நான்கு தலைமுறைகள் கடந்தால் வாய்மொழிச் செய்தி மங்கி மறைகின்றது. எழுதி வைத்த செய்தியோ, எழுதப்பட்ட ஓலையும் தாளும் அழியாமல் இருக்கும்வரை அழிவதில்லை.

பழங்காலச் செய்திகளைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நமக்குக் கூறுகின்றன. அவை அரசர் பெற்ற வெற்றிகளையும், கோயில்களுக்கு அளித்த கொடைகளையும் பிற்காலத்தார் அறியவேண்டும் என்னும் கருத்துடன் வெட்டப்பட்டவை. ஆனால், அங்காடியில் அன்று நெல் என்ன விலைக்கு விற்றது, துறைமுகத்திற்கு எந்தக் கப்பல் வந்தது, புலவர் ஒருவர் தம் நண்பருக்கு எக்குறையைச் சொல்லி வருந்தினார் என்பனவற்றைக் கல்லில் எவரும் வெட்டி வைப்பதில்லை. இவற்றை அறிய வேண்டுமாயின், ஓலைச் சுவடிகளையும் நாட்குறிப்புகளையும் மடல்களையும் நாட வேண்டும். நூலகங்களில் வாசகர் கண்ணுக்கு எளிதில் தோன்றாத உள்ளறைகளில் இவை பாதுகாக்கப்படுகின்றன. அச்சிட்ட நூல் ஒன்று அழிந்தால் அதன் மறுபடியை வேறிடத்தில் தேடிப் பெறலாம். கையால் எழுதப்பட்ட ஒன்று அழிந்தாலோ, அதனோடு அதில் அடங்கிய செய்தியும் பெரும்பாலும் அழிந்தே போகும்.

முதலில் ஓலைச் சுவடிகளைக் காண்போம். நம் முன்னோர் பனையோலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் அதன்மேல் கீறி எழுதினர். ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டங்கள் வைத்துக் கட்டினர். இவ்வாறு கட்டப்பட்டதே சுவடியாகும். ஓலை எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும் சில நூற்றாண்டுகளே நிலைக்கும். அதன்பின் அது நொறுங்கத் தொடங்கும். ஆதலின், பழைய ஓலை அழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் படி எடுப்பது வழக்கம். சங்க நூல்களை இயற்றிய புலவர் தம் கையால் எழுதிய ஓலை ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. படியிலிருந்து படியாக, பெயர் தெரியாத எத்தனையோ எழுத்தாளர் எழுதி எழுதிக் கொடுத்தமையாலேயே அந்நூல்கள் நம்மை வந்தடைந்தன. இடையில் ஒரு தலைமுறை எழுதாமல் விட்டிருந்தால், தொடர் அறுந்துபோயிருக்கும்.

அவ்வாறு அறுந்துபோகும் நிலையில் இருந்த நூல்களைத் தேடிச் சென்று மீட்டவர் பலர். அவருள் தலைசிறந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855-ஆம் ஆண்டில் பிறந்த இவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அந்நகரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த நூல்களின் பெயர்களை ஐயர் வரிசையாகக் கூறினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனப் பட்டியல் நீண்டது. முதலியாரோ வியக்கவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. படிப்பதற்குச் சுவடிகளும் எளிதில் கிடைக்கவில்லை. அந்த வினாவே ஐயர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. அன்று முதல் அவர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் உழைப்பால் அச்சேறின.

தேடிச் சென்ற இடமெல்லாம் சுவடி கிடைத்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் அவரிடம் கூறினர். அவ்வாறு செய்வதே முறை என்றும் அவர்கள் நம்பினர். வேறு சிலரோ, பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்று வெள்ளத்தில் விட்டனர். இவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். தெய்வத்தன்மை வாய்ந்ததாகக் கருதிய ஏட்டைக் குப்பையில் எறிய மனமின்றியே தீயிலும் நீரிலும் இட்டனர். அன்பு இருந்தது; அறிவு இல்லை. அவ்வோலைகளில் எந்தெந்த நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் அறிய இயலாது.

கிடைத்த சுவடியையும் எளிதில் படித்துவிட முடியாது. ஓலையில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும் என்னும் அச்சமே காரணம். எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேறுபாடு இராது. ‘எரி’ என்னும் சொல்லும் ‘ஏரி’ என்னும் சொல்லும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். நெருப்பா, நீர்நிலையா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். செய்யுள் அடி பிரிக்கப்படாமல் உரைநடைபோலத் தொடர்ந்து செல்லும். எழுதியவர் செய்த பிழைகள் இடையிடையே இருக்கும். செல்லரித்த துளைகளில் சொற்கள் மறைந்திருக்கும். ஆதலின், ஒரு நூலுக்குப் பல படிகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டே உண்மைப் பாடத்தைக் காண வேண்டியிருந்தது. ஒரே நூலுக்குப் பல சுவடிகளை நூலகங்கள் பேணிக் காப்பதன் காரணம் இப்பொழுது நமக்கு விளங்கும் அன்றோ?

இனி, நாட்குறிப்பைக் காண்போம். தமிழில் எழுதப்பட்ட நாட்குறிப்புகளுள் புகழ் மிக்கது, புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியதாகும். இவர் 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இவருடைய தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வாணிகத்தின் பொருட்டுக் குடும்பத்துடன் புதுச்சேரியில் குடியேறினார். பிள்ளையும் பெருவணிகராக விளங்கினார். 1747-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாஷி ஆனார். இரு மொழிகளை அறிந்து, இரு திறத்தாருக்கும் இடையே நின்று பேசுபவரே துபாஷி எனப்பட்டார். 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்த டூப்ளே, முதன்மையான செய்திகளை இவரோடு கலந்து பேசுவது வழக்கம்.

இவர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761-ஆம் ஆண்டு சனவரி வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், அது தொடர்ந்தது. பெரிய கணக்கேடுகளில், அக்காலத்துப் பேச்சுத் தமிழில், போர்ச்சுக்கீசியமும் பிரெஞ்சும் பாரசீகமும் கலந்த நடையில் அவர் எழுதினார். தாம் கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே குறித்தார். கப்பல்களின் வருகை, சரக்குகளின் விலை, வழக்குகளின் தீர்ப்பு, திருமணங்கள், நோய், புயல், மழை, கவர்னர் சினந்து கூறியவை, அதற்குத் தாம் இறுத்த விடை ஆகிய எல்லாம் அதில் இடம்பெற்றன. தெருவில் மக்கள் பேசிக்கொண்ட வதந்தியையும், இது வதந்தி என்றே குறிப்பிட்டு அவர் எழுதி வைத்தார்.

அவர் வாழ்ந்த காலம் தமிழகத்தின் தலைவிதி மாறிய காலம். 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1748-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, வெல்ல இயலாமல் திரும்பினர். இவற்றைப் பற்றி இரு நாட்டுத் தளபதிகளும் தத்தம் மேலாளருக்கு அறிக்கைகள் அனுப்பினர். அவ்வறிக்கைகளில் படைகளின் எண்ணிக்கையும் பீரங்கிகளின் எண்ணிக்கையும் காணப்படும். பிள்ளையின் நாட்குறிப்பிலோ, குண்டுகள் விழும் நகரில் மக்கள் எவ்வாறு அஞ்சினர் என்பதும், அம்முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது தமிழர் உள்ளம் எவ்வாறு புண்பட்டது என்பதும் காணப்படுகின்றன. ஐரோப்பியர் எழுதிய வரலாற்றில் நம்மவர் குரல் கேட்பது அரிது. இங்கு அக்குரலை நாம் கேட்கின்றோம். அதன் சிறப்பு இதுவே.

பிள்ளை நோயுற்று, 1761-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயிர் நீத்தார். அப்பொழுது ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் முற்றுகையிட்டிருந்தனர். அவர் மறைந்த சில நாட்களில், சனவரி 16-ஆம் நாள், நகரம் அவர்கள் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கல்லாற் கட்டிய கோட்டை அழிந்தது. தாளால் ஆன நாட்குறிப்பு பிழைத்தது. பிள்ளையின் குடும்பத்தார் வீட்டில் அது பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1846-ஆம் ஆண்டில் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்து படி எடுத்தார். எதுவார் அரியேல் என்னும் மற்றொரு பிரெஞ்சு அலுவலரும் படி எடுத்தார். அப்படி பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. சென்னை அரசும் ஒரு படியைப் பெற்று, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்தது. அம்மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சாகத் தொடங்கியதோ 1948-ஆம் ஆண்டில்தான். தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதை உலகம் முதலில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்தது. நாம் அதனைத் தமிழில் படிக்க நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இடையிடையே சில காலத்துக்குரிய ஏடுகள் கிடைக்கவே இல்லை. அந்நாட்களில் பிள்ளை என்ன எழுதினார் என்பதை அறிய வழியில்லை.

கிடைத்த பகுதிகளோ பெரும்பயன் அளித்தன. வரலாற்று அறிஞர் அவற்றை ஆராய்ந்தனர். எழுத்தாளர் பிரபஞ்சன் அவற்றைத் துணையாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களை இயற்றினார். பின்னதற்கு 1995-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இரவில் விளக்கின் முன் அமர்ந்து வணிகர் ஒருவர் எழுதிய குறிப்பு, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் புதிய இலக்கியத்துக்கு வித்தாயிற்று.

நாட்குறிப்பில் எழுதியதெல்லாம் முழு உண்மை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. பிள்ளைக்கும் விருப்பு வெறுப்புகள் இருந்தன. டூப்ளேயின் மனைவியாரிடம் அவருக்கு மனக்கசப்பு உண்டு. தம்மோடு போட்டியிட்டோரைப் பற்றி அவர் எழுதும்போது அவருடைய சினமும் உடன் எழுதுகின்றது. ஆகவே ஆராய்ச்சியாளர் அவருடைய குறிப்பைப் பிரெஞ்சுக் கம்பெனியின் மடல்களோடும், ஆங்கிலேயர் ஆவணங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பர். மூன்றும் ஒத்துவரும் இடத்தில் செய்தி உறுதிப்படும். மாறுபடும் இடத்தில், ஏன் மாறுபடுகின்றது என்னும் ஆராய்ச்சி தொடங்கும். நீதிமன்றத்தில் பல சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது போன்றது இது. சாட்சிகளுள் ஒருவரை இழந்தாலும் தீர்ப்பு வலியிழக்கும்.

மூன்றாவது, மடல்கள். நாட்குறிப்பு தனக்குத்தானே பேசுவது. மடல் மற்றொருவரோடு பேசுவது. அனுப்பியவர் அதனைப் பிற்காலத்தார் படிப்பர் என்று எண்ணுவதில்லை. ஆதலின், அவருடைய உள்ளம் அதில் மறைவின்றி வெளிப்படும். மேலே கூறிய சாமிநாதையர், தமக்கு வந்த மடல்களை எறிந்துவிடாமல் சேர்த்து வைக்கும் பழக்கம் உடையவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழகத்தில் பழைய நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப்பு முதலிய அறிஞர் பலர் ஐயருக்கு எழுதினர். ஆயிரக்கணக்கான அம்மடல்களுள் 1877 முதல் 1900 வரை எழுதப்பட்டவை 2018-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒரு நூலை அச்சிடுவதற்கு எத்தனை பேர் சுவடி தந்தனர், எத்தனை பேர் பொருள் தந்தனர் என்பவற்றை நூலின் முன்னுரை சுருக்கமாகவே கூறும். அவ்வுதவியின் முழு வரலாற்றை மடல்களே காட்டும்.

அவருக்கு மடல் எழுதியோருள் ஒருவர் ஜூலியன் வின்சோன். பாரிசு நகரில் தமிழ் கற்பித்த பிரெஞ்சுப் பேராசிரியராகிய இவர், கடல் கடந்த நாட்டிலிருந்து ஐயருக்குத் தமிழிலேயே மடல் எழுதினார். இவரே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பல பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1894-ஆம் ஆண்டில் வெளியிட்டவர். அதே ஆண்டில்தான் ஐயர் புறநானூற்றை வெளியிட்டார். புதுச்சேரி வணிகரின் கணக்கேடும், சங்கப் புலவரின் ஓலையும், பாரிசு ஆசிரியரின் மடலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை நாம் இன்று அறிகின்றோம். மூன்றும் காக்கப்பட்டமையாலேயே இதனை அறிய முடிந்தது.

ஐயர் 1942-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய செல்வம் சிதறாமல் இருக்கும்பொருட்டு, 1943-ஆம் ஆண்டில் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் சென்னையில் டாக்டர் உ. வே. சா. நூல்நிலையம் தோன்றியது. 2000-க்கும் மேற்பட்ட ஓலைச் சுவடிகளும், ஐயர் கைப்பட எழுதிய குறிப்புகளும், அவருக்கு வந்த மடல்களும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன.

இத்தகைய நூலகத்தில் பணிபுரிவோரின் தொழில் எளிதன்று. ஓலைக்கும் தாளுக்கும் பகை பல. கரையானும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை படரும். வறட்சி மிகுந்தால் ஓலை வெடிக்கும். சிலவகைப் பழைய மையில் உள்ள இரும்புச் சத்து, எழுதிய இடத்திலேயே தாளை அரித்துத் துளையாக்கும். மலிவான தாளில் உள்ள அமிலம், ஆண்டுகள் செல்லச் செல்ல அதனைப் பழுப்பாக்கி நொறுக்கும். பழங்காலத்தார் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து, சுவடிகளின் அருகில் வைத்தனர். அம்மணத்துக்குப் பூச்சிகள் அணுகா. இம்முறை தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பெயர் பெற்றது. காய்ந்த ஓலையில் புல்தைலத்தைத் தடவி நெகிழ்ச்சி உண்டாக்குவர். எழுத்து மங்கியிருப்பின் கரியைப் பூசித் துடைப்பர். கீறல்களில் கரி தங்கி எழுத்து விளங்கித் தோன்றும்.

கிழிந்த தாளை மெல்லிய தாள் ஒட்டி வலுப்படுத்துவர். வெப்பமும் ஈரமும் மிகாமல் ஒரே நிலையில் இருக்கும்படி அறைகளை அமைப்பர். ஒவ்வொரு ஏட்டுக்கும் எண்ணிட்டு, அதன் பெயர், அளவு, நிலை, கிடைத்த இடம் ஆகியவற்றை அட்டவணையில் பதிவர். அட்டவணையில் இடம்பெறாத ஏடு இருந்தும் இல்லாததே ஆகும். முன்பு நுண்படச் சுருளில் படம் எடுத்து வைத்தனர். இன்று கணினியில் ஏறும் படங்களாக எடுக்கின்றனர். படத்தைப் படிப்பவர் மூலத்தைத் தொட வேண்டுவதில்லை. ஆயினும், மூலத்தை எறிந்துவிடலாம் என்று கருதுதல் தவறு. தாளின் வகை, மையின் நிறம், எழுதியவர் அடித்துத் திருத்திய இடம் ஆகியவற்றை மூலமே ஐயமின்றிக் காட்டும்.

இவற்றைப் பார்வையிடச் செல்வோரும் சில முறைகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். கைகளைக் கழுவித் துடைத்த பின்னரே ஏட்டைத் தொடல் வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சிலையே பயன்படுத்தல் வேண்டும். மை ஒரு துளி சிந்தினாலும் போக்க இயலாது. ஓலையை மடக்குதலும், எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுதலும் ஆகா. மடல்கள் அடுக்கப்பட்டிருந்த வரிசையைக் கலைத்தலும் கூடாது. எந்த மடலுக்கு எது விடை என்பதை அவ்வரிசையே உணர்த்தும்.

பழஞ்சுவடிகள் யாவும் நூலகங்களை வந்தடைந்துவிட்டன என்று நாம் எண்ணலாகாது. மருத்துவர் குடும்பங்களிலும், கணக்கர் குடும்பங்களிலும், பரணில் கிடக்கும் பெட்டிகளிலும் இன்னும் பல உறங்குகின்றன. கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற முன்னோர் தம் வீட்டுக்கு எழுதிய மடல்கள் சில குடும்பங்களில் இருக்கக்கூடும். படித்தால் விளங்கவில்லை என்பதற்காகவோ, அழுக்காக இருக்கின்றது என்பதற்காகவோ அவற்றை எரித்துவிடுதல், அன்று வேள்வித்தீயில் ஏட்டை இட்டோர் செய்த பிழையை நாமும் செய்வதாகும். அவர்களுக்கேனும் அது நன்று என்ற நம்பிக்கை இருந்தது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நம் வீட்டில் அத்தகைய ஏடோ மடலோ இருப்பின், அதனை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். யார், யாருக்கு, எப்பொழுது எழுதினார் என்பதை வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். அறிந்தோரிடமும் நூலகத்தாரிடமும் காட்டி, அதன் தன்மையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது அக்கறை போதும். பெயர் தெரியாத எழுத்தாளர் ஒருவர் என்றோ ஓர் ஓலையைப் பார்த்து மற்றோர் ஓலையில் எழுதி வைத்த அந்தச் சிறிய அக்கறையினாலேயே, இன்று நம் கையில் புறநானூறு இருக்கின்றது.